மண்ணடியிற் கிடக்கும் நகர வாழ்வு

பூவிருந்தவல்லியினின்று சென்னைக் கோட்டையை நோக்கிச் செல்லும் பெருவழியில் வேலப்பன்சாவடி என்னும் ஊர் உள்ளது. ஊரின் பெயரிலேயே சாவடி அமைந்திருத்தலை அன்பர்கள் நோக்குக. வழிநடப்போர் தலைச்சுமையை இறக்கிவைத்து, நீர் பருகி, சோறாக்கி உண்டு, இரவைக் கழித்துச் செல்லும் இடத்தையே நம் முன்னோர் சாவடி என்றனர். குமணன்சாவடி, கரையான்சாவடி என்று இப்பக்கத்தில் வேறு சாவடிப் பெயர்களும் வழங்குகின்றன. சுமையாளும் வண்டிக்காரரும் ஓய்ந்து உட்கார்ந்த இடங்கள் இவ்வாறு பெயரளவில் நிலைத்துவிட்டன. உட்கார்ந்தவர் யாவர் என்பதோ எங்கும் எழுதப்படவில்லை.

இவ்வழியின் இரு தலைப்பிலும் இருந்தாரைப் பற்றி ஏடுகள் நிறையப் பேசும். 1639-ஆம் ஆண்டில் ஆங்கில வணிகர்க்குக் கடற்கரையில் இடம் அளித்தவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயகர். அவருடைய உடன்பிறந்தார் ஐயப்ப நாயகர் பூவிருந்தவல்லியில் வாழ்ந்தவர். மறுதலைப்பில் இருப்பது அவ்வணிகர் 1640-இல் கட்டத் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டை. பிற்காலத்தில் பூவிருந்தவல்லி ஆங்கிலப் படைஞர் தங்கும் பாளையமாகவும் ஆயிற்று. நாயகர் பெயர் நமக்குத் தெரியும். கோட்டை ஆளுநர்களின் பெயர்களும் வரிசையாகத் தெரியும். இவ்விரு தலைப்புக்கும் இடையே பொதி சுமந்து நடந்தவன் எதில் நீர் மொண்டு குடித்தான், எந்தச் சட்டியிற் சோறாக்கினான், எதைப் புகைத்தான் என்பவற்றை அறிய வழியுண்டா? உண்டு என்கிறது தொல்பொருளியல். அஃது எவ்வளவு தூரம் உண்மை, எவ்விடத்தில் அதன் நாவும் அடங்கிவிடுகிறது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

என் அறியாமையைக் காட்டும் சிறு செய்தி ஒன்றை முதலிற் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேலப்பன்சாவடியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டிற்குக் கடைக்கால் தோண்டினர். வெளியே குவித்திருந்த மண்ணில் கரி படிந்த பானை ஓடுகள் சிலவும், தடித்த பச்சைக் கண்ணாடியாலான புட்டிக் கழுத்து ஒன்றும் கிடந்தன. கழுத்தினுள் ஒரு கோலி சிக்கியிருந்தது. கோலி சோடாப் புட்டி என்று கண்டதும் மகிழ்ந்து, அதனைக் குனிந்தெடுத்துத் துடைத்தேன். அருகில் நின்ற கொத்தனார், "ஐயா, குப்பையை எதற்குப் பொறுக்குகிறீர்கள்?" என்று வினவினார். நான் ஏதோ பெருமையாக விடை கூறிவிட்டு வீட்டிற்கு வந்தேன்.

வந்தபின்னரே என் பிழை எனக்குத் தெரிந்தது. கழுத்தில் கோலி வைத்து வாயடைக்கும் புட்டிக்கு இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் உரிமை பெற்றது 1872-இல். ஆகவே அப்புட்டி கிடந்த மண்ணடுக்கு அவ்வாண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. அதே அடுக்கில் பானை ஓடுகளும் கிடந்திருப்பின், அவையும் அதற்குப் பின்னரே அங்கே எறியப்பட்டனவாதல் வேண்டும். ஓடுகள் அதன் கீழ் அடுக்கிற் கிடந்திருப்பின், இவ்வூரின் பழமையைப் பற்றி வேறொரு செய்தி கிடைத்திருக்கும். எவ்வடுக்கிற் கிடந்தன? மறுநாட் சென்று கொத்தனாரைக் கேட்டேன். மண்வெட்டிக்கு அகப்பட்டதை எல்லாம் ஒன்றாகக் கொட்டியதாக அவர் சொன்னார். அதற்குள் பள்ளத்திற் கல்லும் சாந்தும் இட்டு மூடிவிட்டனர். புட்டி என் கையில் இருந்தது. அது கூறவேண்டிய செய்தி போய்விட்டது.

தொல்பொருளியலின் முதற் பாடம் இதுவே. ஒரு பொருள் எது என்பதைக் காட்டிலும், எதன்மேல், எதன்கீழ், எதனோடு கிடந்தது என்பதே அதற்குப் பொருள் தருவது. மக்கள் வாழும் இடத்தில் மண் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வருகிறது. இடிந்த சுவர், அடுப்புச் சாம்பல், உடைந்த சட்டி, வெள்ளம் கொணர்ந்த வண்டல் என ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. கீழது முந்தியது, மேலது பிந்தியது. அறிஞர் பள்ளத்தின் சுவரைச் செங்குத்தாகச் சீவி, நிறமும் பதமும் மாறும் இடங்களைக் கோடிட்டுக் கொண்டு, ஒவ்வோர் அடுக்கிலும் கிடைத்ததைத் தனித்தனியே பையிலிட்டு எண் எழுதுவர். இப்பொறுமை இல்லாதவன் எடுப்பது வெறும் பொறுக்கல். யான் செய்தது அதுவே.

நம் நாட்டில் நெடுங்காலம் தொல்பொருளைத் தேடியோர் மிகப் பழையதையே தேடினர். பல்லாவரத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலார் கற்காலத்துக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தமை உலகறிந்த செய்தி. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தது உரோமரோடு நடந்த வாணிகத்தின் சான்றுகளுக்காக. அவ்வரிக்கமேட்டிலேயே 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குருமார் எழுப்பிய குருமடத்தின் செங்கற்சுவர்கள் இடிந்து நிற்கின்றன. அங்குச் செல்வோர் உரோமர் சாடியைப் பற்றிக் கேட்பரேயன்றி, அக்குருமடத்துச் சமையலறையில் என்ன சமைத்தனர் என்று கேட்பது அரிது. இருநூறு முந்நூறு ஆண்டுப் பழமை, பழமையென்று மதிக்கப்படுவதற்குப் போதாமற் போயிற்று. கும்பினியார் காலத்திற்குத்தான் ஏடுகள் மலைபோல் உள்ளனவே, மண்ணைத் தோண்டுவானேன் என்பது சிலர் கருத்து.

அக்கருத்துச் சரியன்று என்பதற்குச் சென்னையே சான்று. கோட்டைக்கு வடக்கே சுவரை ஒட்டி இந்நகரத்தின் முதற் குடிகள் வாழ்ந்த பகுதி இருந்தது. ஆங்கிலேயர் அதனைக் கறுப்பர் நகரம் என்றழைத்தனர். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அதன் ஒரு பகுதியை இடித்தனர். 1749-இல் நகரத்தைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், பகைவர் மறைந்து வர இடம் இருத்தலாகாது என்று எஞ்சியதையும் இடித்து வெளியாக்கினர். இனி இவ்வெல்லைக்குள் வீடு கட்டலாகாது என்பதற்கு அடையாளமாக 1773-இல் நிறுத்திய தூண்களுள் ஒன்றைப் பாரி முனையில் இன்றும் காணலாம். அவ்வெளியின்மேல் எழுந்ததே 1892-இல் முற்றுப்பெற்ற உயர்நீதிமன்றம். நெசவாளரும் துபாஷிகளும் சாயக்காரரும் தச்சரும் நூறாண்டு வாழ்ந்த தெருக்கள் அக்கட்டடத்தின் அடியில் உள்ளன. அத்தெருக்களைப் பற்றிய ஏடுகளில் வரியும் வழக்கும் சண்டையும் உண்டு. ஏட்டை எழுதியவர் வரி வாங்கியவரே ஆதலின், வரி கொடுத்தவர் வீட்டிற்குள் நடந்தது அவற்றிற் புகவில்லை. நீதிமன்றத்தை இடித்துத் தோண்டச் சொல்பவர் யாருமிலர். ஆதலின் அந்நகரத்தை அறிய வேறிடம் செல்லவேண்டும். அதனோடு ஒத்த காலத்தது, ஒத்த தொழிலது, ஆனால் மேலே பெருங்கட்டடம் எழாமல் தப்பியது.

அத்தகைய இடம் மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினம். ஒல்லாந்தர் அதனைச் சத்ராஸ் என்றனர். மெல்லிய துணிக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் அவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் வந்து வாணிகம் நடத்திச் செங்கற்கோட்டை ஒன்றும் கட்டினர். 1781-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். மறு ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், ஆங்கிலேயரின் ஹியூஸும் பிரெஞ்சுக்காரரின் சுஃப்ரானும் அவ்வூர்க் கடலிற் கப்பற்போர் செய்தனர். பின்னர் 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஊர் முற்றும் ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று. கோட்டை இடிந்து, புதர் மண்டி, மறக்கப்பட்டுக் கிடந்தது. அம்மறதியே அதனைக் காத்தது எனலாம். 2000-ஐ அடுத்த ஆண்டுகளில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையினர் கோட்டைக்குள் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகளும், புகைபிடிக்கும் மண் சுங்கான்களும், கண்ணாடிக் கலங்களும், சாராயச் சாடிகளும் வெளிப்பட்டன.

இவற்றுள் சுங்கானை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக் களிமண்ணால் நீண்ட காம்பும் சிறு கிண்ணமுமாகச் செய்து சுட்ட பொருள் அது. விலை மலிவு, கை தவறினால் உடையும், உடைந்தால் ஒட்ட இயலாது. வாங்கியவன் சில நாட் புகைத்துவிட்டு எறிந்துவிடுவான். பொன்னணி நூறாண்டு தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். சுங்கானோ செய்த ஆண்டிற்கும் எறிந்த ஆண்டிற்கும் இடையே அதிக காலம் கடவாது. ஆதலின் அடுக்கின் காலத்தைக் காட்டப் பொன்னினும் அது சிறந்தது. ஒல்லாந்தில் சுங்கான் தொழிலுக்குத் தலைநகர் கௌடா. அந்நகரத்துத் தொழிலாளர் 1660-இல் தமக்கெனச் சங்கம் கண்டு, ஒவ்வொருவரும் கிண்ணத்தின் அடியிலே தத்தம் முத்திரை இட்டனர். முத்திரை தெரிந்தால் செய்தவனும் அவன் காலமும் தெரியும். முத்திரையின்றிக் காம்புத் துண்டு மாத்திரம் கிடைப்பினும் வழியுண்டு. ஹாரிங்டன் என்னும் அமெரிக்கர் 1954-இல் ஒன்று கண்டு கூறினார். காம்பு நீள நீள அதன் துளை சிறுத்துக்கொண்டே வந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குலத்தில் அறுபத்துநான்கில் ஒன்பது பங்காக இருந்த துளை, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நான்கு பங்காயிற்று. இக்கணக்கு ஆங்கிலச் சுங்கானுக்கே நன்கு பொருந்தும். ஒல்லாந்தருடையதற்கு அவ்வளவு பொருந்தாது. ஆயினும் எறிந்த குப்பையில் ஒரு துளையை அளந்து ஆண்டு கூறலாம் என்பது வியப்பன்றோ?

பீங்கானின் கதை வேறு. சீன நாட்டுச் சிங்தேசன் சூளைகளில் வெந்த நீல வெள்ளைக் கிண்ணம், கப்பலேறி, ஒல்லாந்தர் 1619-இல் கைக்கொண்ட படேவியா நகரத்திலே கைமாறி, நம் கடற்கரைக்கு வந்தது. எவ்வளவு வந்திருக்கும் என்பதைக் கடலடியிற் கிடைத்த கப்பல்களைக் கொண்டு ஒருவாறு ஊகிக்கலாம். 1752-இல் மூழ்கிய கெல்டர்மால்சன் என்னும் ஒல்லாந்தக் கப்பலிலிருந்து 1985-இல் ஏறத்தாழ 1,50,000 பீங்கான் கலங்களை எடுத்தனர். எடுத்தவர் வாணிக நோக்கினர். அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் ஏலமிட்டுவிட்டனர். எது எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்ற குறிப்பின்றி அள்ளினமையால் அறிஞர் மிகவும் வருந்தினர். வேலப்பன்சாவடியில் யான் செய்ததை அவர்கள் பெரிய அளவிற் செய்தார்கள், அவ்வளவே.

சுங்கானும் பீங்கானும் யாருடையவை? பெரும்பாலும் கோட்டைத் தலைவருடையவும் வணிகருடையவும். அவற்றைக் கண்டு ஒல்லாந்தர் வாழ்வைப் படித்துவிட்டோம் என்று நின்றுவிடுவோமாயின், ஏட்டின் குறையையே மண்ணிலும் கொண்டுவந்தவராவோம். ஆதலின் காட்சிப் பேழைக்குள் வைக்கப்படாத கருஞ்சட்டி ஓடுகளையும் கேட்கவேண்டும். அமெரிக்காவில் ஸ்பானியர் 1565-இல் நிறுவிய செயிண்ட் அகஸ்தீன் என்னும் நகரத்தில் காத்லீன் டீகன் அம்மையார் பல ஆண்டு அகழ்ந்து ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். ஸ்பானியர் வீடுகளில், பிறர் காண அணியும் பொருளும் சுவரும் படைக்கலமும் ஸ்பானிய நாட்டு முறையில் இருந்தன. சமையற் சட்டிகளோ அந்நாட்டுப் பழங்குடியினர் வனைந்தவை. அடுப்பருகே நின்றவர் அந்நாட்டுப் பெண்கள் என்பதை அச்சட்டிகள் காட்டிக்கொடுத்தன. ஆடவர் எழுதிய கடிதங்களில் அப்பெண்கள் மிக அருகியே வருகின்றனர். நம் கடற்கரைக் கோட்டைகளிலும் இக்கேள்வியைக் கேட்டல் தகும். பீங்கான் தட்டிற் பரிமாறிய உணவு எந்தச் சட்டியில் வெந்தது? அச்சட்டியை வனைந்த குயவர் எவ்வூரார்? எண்ணெய்க் கறை, கரிப்படிவு, மீன்முள், எலும்பில் உள்ள கத்தித் தழும்பு ஆகிய இவை ஒவ்வொன்றும் விடையின் ஒரு கூறு.

மற்றோர் அமெரிக்கச் சான்றும் நினைவிற்கு வருகிறது. நியூயார்க்கில் ஃபைவ் பாயிண்ட்ஸ் என்னும் ஏழையர் பகுதியை 1842-இல் சார்லஸ் டிக்கன்ஸ் பார்த்துவிட்டு, இழிவும் அழுக்கும் நிறைந்த இடம் என்று எழுதினார். 1991-இல் நீதிமன்றம் கட்டுதற்காக அங்கே தோண்டியபோது, பழைய கழிவறைக் குழிகளிலிருந்து அழகிய தேநீர்க் கிண்ணங்களும் தட்டுகளும் தையற் கருவிகளும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களும் வந்தன. ஏழ்மை உண்மை, ஆனால் வீட்டை அழகுற வைத்துக்கொள்ள முயன்ற உழைப்பாளிகள் அங்கே இருந்தனர் என்பதும் உண்மை. பார்க்க வந்தவர் கண்ணுக்கு அது புலப்படவில்லை. அங்கெடுத்த ஏறத்தாழ 8,50,000 பொருள்களை உலக வாணிக மையத்தின் ஒரு கட்டடத்தில் வைத்திருந்தனர். 2001 செப்டம்பர் 11-இல் மிகச் சிலவே தப்பின.

இனி மண்ணின் நா அடங்கும் இடத்திற்கு வருவோம். ஒல்லாந்தர் சதுரங்கப்பட்டினத்திற்கு வந்தது துணிக்காக. அத்துணி அம்மண்ணில் தங்காது. நம் நிலத்தின் ஈரத்திலும் வெப்பத்திலும் பருத்தி சில ஆண்டுகளில் மக்கிப்போகும். எகிப்தில், பழைய கெய்ரோவை அடுத்த புஸ்தாத் என்னுமிடத்துக் குப்பை மேடுகளில், இந்தியப் பருத்தித் துணித் துண்டுகள் பல நூற்றாண்டு அழியாமற் கிடைத்தன. அஃது அந்நாட்டு வறண்ட மணலின் கொடை. சோழமண்டலக் கரையில் வரைந்த வண்ணத்துணிகளைக் காணவேண்டின் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலைக்குச் செல்லலாம். உடுத்தியவர் வீட்டில் துணி நிலைத்தது; நெய்தவர் ஊரில் அதன் நூலிழையும் இல்லை.

துணியோடு நில்லாது. ஒல்லாந்தன் சுங்கானிற் புகைத்தான்; காம்பு கிடைக்கிறது. நம்மவன் புகையிலையைச் சுருட்டிப் புகைத்தான். அச்சுருட்டு என்னும் சொல்லை ஆங்கிலேயர் செரூட் என்று தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர், பொருளோ சாம்பலாயிற்று. அவன் பீங்கானில் உண்டான், ஓடு கிடைக்கிறது. நம்மவன் வாழையிலையிலும் தைத்த இலையிலும் உண்டான். மாடு தின்றது போக எஞ்சியது எருவாயிற்று. கோட்டைச் சுவர் செங்கல். குடிசைச் சுவர் மண். மண் மண்ணோடு கலந்தது. அயலான் விட்டுச்சென்றது மிகுதியாகவும், இவ்வூரான் விட்டது குறைவாகவும் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் ஒல்லாந்தர் கெல்ட்ரியா கோட்டை கட்டினர். பஞ்சத்திலும் போரிலும் அகப்பட்ட தமிழ் மக்களை அங்கிருந்து படேவியாவிற்கு அடிமைகளாகக் கப்பலேற்றினர். அவ்வூரில் ஒல்லாந்தர் கல்லறைகள் அழகிய சிற்பங்களோடு இன்றும் உள்ளன. கப்பலேறியவர் கையில் எடுத்துச்செல்லவும் ஒன்றுமில்லை, விட்டுச்செல்லவும் ஒன்றுமில்லை. அவர்களைப் பற்றி அறிய மண்ணை விட்டு, அவர்களை விற்றவர் எழுதிய கணக்கேட்டிற்கே திரும்பவேண்டியுள்ளது. ஏட்டின் குறையை மண் நிரப்புகிறது. மண்ணின் குறையை ஏடு நிரப்புகிறது. இரண்டும் நிரப்பாத இடமும் உண்டு.

ஆயினும் நெசவாளனை முற்றும் இழந்துவிட்டோம் என்று யான் கருதவில்லை. குழித்தறியில் நெய்பவன் கால் தொங்கவிட்டு உட்காரத் தரையிற் குழி தோண்டுகிறான். தறி அழியினும் குழி அழியாது. பின்னர் அதனை நிரப்பிய மண் வேறு நிறமுடையது. பொறுமையாகச் சீவும் கரண்டிக்கு அக்குழியின் விளிம்பு தெரியும். சாயமிடும் தொட்டியும் அவ்வாறே. அரிக்கமேட்டிற் கண்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமிட்டவை என்றே வீலர் கருதினார். ஆனால் தறிக்குழி கோட்டைக்குள் கிடைக்காது. கோட்டைக்கு வெளியே நெசவாளர் தெருவிலே தேடவேண்டும். சட்டத்தாற் காக்கப்படும் சின்னம் கோட்டையே. நெசவாளர் தெரு அன்று. இஃது என் மனத்தை உறுத்தும் செய்தி.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, மண்ணிற் புதைந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் கலெக்டருக்கு எழுதித் தெரிவித்தல் வேண்டும். பொற்காசுக் குடம் கிடைத்தால் ஊரே கூடும். கருஞ்சட்டி ஓட்டிற்குப் பத்துக் காசும் தருவாரிலர்; ஆகவே அதனைத் தெரிவிக்கும் கடமையும் யார்க்கும் இல்லை.

வேலப்பன்சாவடியிலும் அதன் இருபக்கத்து ஊர்களிலும் வயலும் தோப்பும் இருந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகளும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் எழுந்துவிட்டன. இரும்புக் கைகொண்ட பொறி ஒரே நாளில் இருபதடி தோண்டிவிடுகிறது. ஜார்ஜ் டவுனில் பழைய வீடு இடியுந்தோறும் இதுவே நிகழ்கிறது. கட்டுவோரைத் தடுப்பது என் கருத்தன்று. ஆனால் நம் மாணவர் தம் தெருவில் கடைக்கால் தோண்டும் நாளில், உரியவரிடம் இசைவு பெற்று, ஒரு மணி நேரம் நின்று பள்ளத்தின் சுவரை நோக்கலாம். மண் நிறம் மாறும் இடத்தை அடிக்கோலால் அளக்கலாம். ஓடு எவ்வடுக்கிற் செருகியிருந்தது என்பதைப் படத்தோடு குறித்துக்கொள்ளலாம். பழமையானது என ஐயமுறின் தொல்லியல் துறைக்கு எழுதலாம். தாமே தோண்டுதல் மட்டும் கூடாது.

அந்தப் பச்சைப் புட்டிக் கழுத்து இப்பொழுதும் என் மேசையின்மேல் உள்ளது. பொருட்காட்சிசாலையார் செய்வதுபோல அதற்கும் ஒரு சீட்டுக் கட்டியுள்ளேன். கிடைத்த இடம், வேலப்பன்சாவடி என்று எழுதினேன். ஆழம் என்னுமிடத்தில் ஒரு கோடு இட்டிருக்கிறேன்.